மதகு திறக்காதபோது எங்கே பார்ப்பது: மெய்நிகர் உலகில் குழுப்பணி கற்பிப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும், கணினிக்குள் பலரும் ஒன்றாக உலவக்கூடிய மெய்நிகர் உலகத்தைக் கொண்டு குழுப்பணித் திறன்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும், தமிழ் மன்றங்களில் அதே முயற்சியை மேற்கொள்ளும் மாணவர் தலைவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உங்கள் வகுப்பில் கண்ட அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஆனால் ஒரு வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: முதலில் கருவியைப் பாருங்கள், அடுத்துப் பணியின் அமைப்பைப் பாருங்கள், மாணவரின் மனப்பான்மையைக் கடைசியாகப் பாருங்கள். “இந்தக் குழுவுக்கு ஒத்துழைக்கத் தெரியவில்லை” என்ற முடிவுக்கு ஆசிரியர் விரைந்து வந்துவிட்டால், ஒலிவாங்கி அணைந்திருந்ததற்காகவோ, ஒருவரே முடித்துவிடக்கூடிய பணியை நான்கு பேரிடம் கொடுத்ததற்காகவோ பதினெட்டு வயது மாணவர் ஒருவர் பழி சுமக்க நேரிடும்.

எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றுக்கும் நான் நடத்திவரும் ஒரே பயிற்சியையே பயன்படுத்துகிறேன். 2008-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டில் 9 மதகுகளும் 7 பெரிய பம்புகளும் உள்ளன. கனமழை பெய்யும் நேரத்தில் கடல் வற்றமாக இருந்தால் மதகுகளைத் திறந்து மிகுதி நீரைக் கடலுக்குள் விடலாம். கடல் ஏற்றமாக இருந்தால் மதகுகளை மூடி வைத்துப் பம்புகளைக் கொண்டே நீரை வெளியேற்ற வேண்டும். இந்த ஏற்பாட்டின் எளிய மாதிரியை மெய்நிகர் உலகில் கட்டி, நான்கு மாணவர்களை நான்கு அறைகளில் நிறுத்துகிறேன். ஒருவர் கடல்மட்டத்தை மட்டும் பார்க்கிறார். ஒருவர் மழையளவை மட்டும் பார்க்கிறார். ஒருவர் கையில் மதகுகளின் விசைகளும் மற்றொருவர் கையில் பம்புகளின் விசைகளும் இருக்கின்றன. எவருக்கும் அடுத்தவரின் அறை தெரியாது. அளவுகளை நான் அந்தந்த அறையின் பலகையில் மாற்றி எழுதிக்கொண்டே இருப்பேன். முடிவு தவறினால் மாதிரி நகரத்தின் தாழ்பகுதியில் நீர் ஏறும். ஒரு சுற்று இருபது நிமிடங்கள்; அதன் பிறகு, அதே அளவு நேரம் பேச்சு.

அறிகுறி: பாதிப் பேர் உள்ளே வரவே முடியவில்லை

கட்டைகளால் உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் கல்வி வடிவமான மைன்கிராஃப்ட் எடுகேஷனைப் பயன்படுத்தினால் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு எண். உலகத்தை நடத்தும் கணினியில் ஒரு பதிப்பும் மாணவர் மடிக்கணினியில் வேறொரு பதிப்பும் இருந்தால், இணைப்புக் குறியீட்டைச் சரியாக உள்ளிட்டாலும் கதவு திறக்காது. இரண்டாவது, உலகம் நடத்துநரின் கணினியிலேயே ஓடுகிறதா என்பது. அப்படியானால் அந்தக் கணினி உறங்கினாலோ அதன் இணைப்பு அறுந்தாலோ எல்லாரும் ஒருசேர வெளியே தள்ளப்படுவார்கள். ஆகவே அதை மின்னிணைப்பில் வைத்து, தானாக உறங்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆசிரியர்கள் பெரும்பாலும் தவறவிடுவது. ஆசிரியர் தமது கணக்கில், ஊழியர்களுக்கான வைஃபையில் சோதித்துப் பார்த்து “எல்லாம் சரி” என்று முடிவு செய்துவிடுகிறார். மாணவர்கள் வருவதோ வேறு வலைப்பின்னல் வழியாக. பல வளாகங்களின் வைஃபையில், ஒரே இடத்தில் இணைந்திருக்கும் கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்திருப்பார்கள். அத்தகைய இடத்தில், அறைக்குள்ளேயே ஓடும் சர்வரை மாணவர் கணினிகளால் கண்டுபிடிக்க முடியாது. மாணவர் கணக்கு ஒன்றைக் கொண்டு, மாணவர் வைஃபையில், அதே அறையில், முந்தின நாளே சோதியுங்கள்.

பத்து நிமிடங்களில் சரியாகாவிட்டால் காத்திருக்க வேண்டாம். நால்வரையும் முதுகோடு முதுகாக உட்காரவைத்து, அளவுகளையும் விசைகளையும் அட்டைகளில் எழுதிக் கொடுத்து, அதே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். இந்த அட்டைப் பதிப்பு என்னிடம் எப்போதும் பையில் இருக்கும். இதற்கு வேறொரு பயனும் உண்டு: அட்டையில் நடத்தியபோது பேச்சே எழாத பணி, மெய்நிகர் உலகிலும் பேச்சை எழுப்பாது.

அறிகுறி: ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் பதில் தருவதில்லை

இதைக் கண்டவுடன் “கேட்கும் பண்பு இல்லை” என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. பேச்சு காதுக்கு எட்டியதா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். ஓப்பன் சிமுலேட்டர், செகண்ட் லைஃப் போன்ற உலகங்களில் சாதாரணமாகத் தட்டச்சு செய்யும் உரையாடல் 20 மீட்டர் தொலைவுக்குள் இருப்பவர்களுக்கே தெரியும்; கிசுகிசுத்தால் 10 மீட்டர், உரக்கக் கூவினால் 100 மீட்டர். ஒரு நிலப்பகுதியோ பக்கத்துக்கு 256 மீட்டர் நீளமுள்ளது. மதகு அறையை ஒரு மூலையிலும் மழையளவு அறையை எதிர்மூலையிலும் கட்டிவிட்டால், மாணவர் கூவினாலும் மற்றவருக்கு ஓர் எழுத்தும் போய்ச் சேராது. தொலைவுக்கேற்பக் குரல் மங்கும் ஒலியமைப்புகளிலும் இதே சிக்கல்தான். குழுவுக்கென்று தனி உரையாடல் தடத்தை ஏற்படுத்துங்கள். அல்லது, அறைகளை வேண்டுமென்றே தூரத்தில் கட்டியிருந்தால் அந்த வரம்பை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மைன்கிராஃப்ட் எடுகேஷனில் குரல் வசதி உள்ளமைவாக இல்லை. தனியாக ஓர் அழைப்பைத் திறந்து, குழுவுக்கு ஓர் அறையென்று பிரித்துவிட வேண்டும். எல்லாரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தால், ஒரே குழுவினரை அருகருகே உட்காரவைக்க வேண்டாம். அடுத்தவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டால் பேச வேண்டிய தேவையே போய்விடும். 2020 ஏப்ரலில் கோவிட்-19 கிருமிப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கி, மாணவர்கள் வீட்டிலிருந்தபடி கற்றபோது இன்னொன்றைக் கற்றுக்கொண்டேன். அறையைத் தம்பியுடனோ பாட்டியுடனோ பகிர்ந்துகொள்ளும் மாணவர் ஒலிவாங்கியை அணைத்தே வைத்திருப்பார். காரணத்தை வகுப்பில் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கும். அத்தகையவருக்குத் தட்டச்சு உரையாடலையே முழு உரிமையுள்ள வழியாக அறிவித்துவிட்டால், அவர் குழுவுக்குள் வந்துவிடுகிறார்.

கருவியெல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால், இப்போது பழக்கத்தைக் கவனிக்கலாம். விமானிகளும் அறுவைச் சிகிச்சைக் குழுவினரும் கட்டளையைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் முறையைக் கையாள்கிறார்கள். தமிழில் நடத்தும் வகுப்புகளில் இதைக் கற்பிப்பது எளிது, ஏனென்றால் வினைச்சொல்லே மூன்று படிகளையும் காட்டிவிடுகிறது. “மூன்றாம் மதகைத் திற” என்கிறார் ஒருவர். “மூன்றாம் மதகைத் திறக்கிறேன்” என்கிறார் மற்றவர். “மூன்றாம் மதகு திறந்துவிட்டது” என்று அவரே முடிக்கிறார். ஏவல், நிகழ்காலம், இறந்தகாலம் என்று மூன்றும் காதில் விழுந்தால்தான் ஒரு செய்தி முழுமையாகப் போய்ச் சேர்ந்தது என்று பொருள். நடுவில் உள்ள “திறக்கிறேன்” என்ற சொல்லைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாதபோது, கட்டளையிட்டவர் பொறுமையிழந்து மீண்டும் கத்துகிறார், கேட்டவர் விசையை இரண்டாம் முறை தட்டி, திறந்த மதகை மூடிவிடுகிறார். சரியாகிவிட்டதா என்று அறிய, அடுத்த சுற்றில் ஏதேனும் இரண்டு நிமிடங்களைத் தேர்ந்து, பதிலின்றிப் போன கட்டளைகளை எண்ணுங்கள். சுற்றுக்குச் சுற்று அந்த எண் குறைந்தால் பழக்கம் ஊன்றுகிறது.

அறிகுறி: ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்

இது மிகவும் பரவலான கோளாறு. எனக்கு மிகவும் மனவேதனை தந்ததும் இதுதான். ஏனென்றால் வெளிப்பார்வைக்கு இது வெற்றியைப் போலத் தெரியும். பணி நேரத்துக்குள் முடிந்திருக்கும், மாதிரி நகரம் நனைந்திருக்காது, மாணவர்களும் மகிழ்ச்சியோடு வெளியேறுவார்கள். ஆனால் மூன்று பேர் ஒருவரை வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பணியை ஒருவர் தனியாக முடிக்க முடியுமா? முடியும் என்றால் அவர்மீது குறையில்லை. திறமையுள்ளவர் குறுக்கு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவே. பணியைப் பிரித்தாக வேண்டும். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் உருவாக்கிய துண்டிணைப்பு முறையின் அடிப்படை இதுவே: பாடத்தின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாணவரிடம் மட்டும் இருக்கும், மற்றவரிடமிருந்து பெறாமல் எவராலும் முழுப்படத்தை அடைய முடியாது. மெய்நிகர் உலகில் இந்தப் பிரிவினையை மூன்று வகையில் செய்யலாம். அறிவைப் பிரிக்கலாம்: கடல்மட்டம் ஒருவருக்கு, மழை இன்னொருவருக்கு. இடத்தைப் பிரிக்கலாம்: ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போக வழியிருக்காது. உரிமையைப் பிரிக்கலாம்: மைன்கிராஃப்ட் எடுகேஷனில் உள்ள எல்லைக் கட்டைகளையும், கட்டுவதற்கு அனுமதிக்கும், தடுக்கும் கட்டைகளையும் கொண்டு யார் எதைத் தொடலாம் என்று வரையறுக்க முடியும். மூன்றில் அறிவைப் பிரிப்பதே சிறந்தது என்பது என் முடிவு. இடத்தையும் உரிமையையும் மட்டும் பிரித்தால், விளையாட்டில் தேர்ந்தவர் தாமாக எல்லாவற்றையும் முடிவு செய்து, மற்றவர்களை விசை தட்டும் கைகளாக மாற்றிவிடுவார்.

அந்தத் தேர்ந்த மாணவருக்கும் கற்க வேண்டியது உண்டு. அவரைக் கடல்மட்ட அறையில் நிறுத்துங்கள். அங்கே தட்டுவதற்கு ஒரு விசையும் இல்லை. தாம் அறிந்ததை இன்னொருவர் செயல்படுத்தும்படி தெளிவாகச் சொல்வதே அவருடைய முழு வேலை. இதற்கு முன், விசைப்பலகையைத் தொட்டே பழகாத மாணவர்களுக்கு நடப்பது, திரும்புவது, ஒரு பொருளை எடுப்பது ஆகியவற்றுக்கு அரைமணி நேரப் பயிற்சி கொடுத்துவிட வேண்டும். அந்த அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தப் பார்த்தால், கை பழகாதவர் “நீயே செய்துவிடு” என்று ஒதுங்கிக்கொள்வார். பிறகு பணியை எப்படிப் பிரித்தும் பயனில்லை.

பல்கலைக்கழக வகுப்புகளில் இதன் வேறொரு வடிவத்தைப் பார்க்கலாம். கட்டாயத் தேசியச் சேவையை முடித்துவிட்டு வரும் ஆண்கள், அதே வகுப்பிலுள்ள பெண்களைவிடப் பெரும்பாலும் இரண்டு வயது மூத்தவர்கள். கட்டளையிட்டும் கட்டளையை ஏற்றும் பழகியவர்கள். நெருக்கடி வந்தவுடன் குழு தானாகவே அவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மழை ஏறிக்கொண்டிருக்கும்போது தெளிவான ஒரு குரல் தேவைதான். ஆனால் 2010-இல் குழுச் செயல்பாட்டை ஆராயும் அனிதா வூலியும் அவருடைய உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, ஒரு சிலரே பேச்சை ஆக்கிரமித்துக்கொண்ட குழுக்களைவிட, பேசும் வாய்ப்பு ஓரளவு சமமாகப் பரவிய குழுக்கள் பலவகைப் பணிகளையும் நன்றாகச் செய்தன என்று கண்டது. ஆகவே குரலைப் பறிக்காமல் பொறுப்பைச் சுழற்றுகிறேன். முதல் சுற்றில் மதகு அறையில் இருப்பவர் முடிவெடுப்பார். இரண்டாம் சுற்றில் மழையளவு அறை. மூன்றாவதில் பம்பு அறை.

அறிகுறி: தெரிந்தவர் இருந்தும் தகவல் வெளியே வரவில்லை

கடல்மட்டம் ஏறத் தொடங்கிவிட்டது என்பது ஒருவருக்குத் தெரியும். ஆனாலும் மதகுகள் திறந்தே கிடக்கின்றன. சுற்று முடிந்து கேட்டால், “எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன், சார்” என்கிறார். இது கவனக்குறைவன்று. குழுவாகப் பேசும்போது, எல்லாரும் ஏற்கெனவே அறிந்ததையே திரும்பத் திரும்பப் பேசிவிட்டு, ஒருவருக்கு மட்டும் தெரிந்ததை விட்டுவிடும் இயல்பு மனிதர்களிடம் இருப்பதை 1985-இல் ஸ்டாசர், டைட்டஸ் ஆகிய உளவியலாளர் இருவரும் சோதனை வழியாகக் காட்டினார்கள். எல்லாரும் ஆமோதிக்கும் செய்தியைச் சொல்வது இதமாக இருக்கும். எவருக்கும் தெரியாததைச் சொல்பவர் தனித்து நிற்க வேண்டியிருக்கும்.

சுற்றின் முதல் மூன்று நிமிடங்களில் விசை எதையும் தொடக் கூடாது என்று விதியுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் “எனக்கு மட்டும் தெரிவது இது” என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பயிற்சியின் நடுவிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதே வாக்கியத்தோடு ஒரு சுற்று வரட்டும். முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். இரண்டாம் வகுப்பிலேயே, யாரும் கேட்காமல், “உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம்” என்று ஒரு மாணவர் தொடங்குவதைக் கேட்பீர்கள்.

அறிகுறி: ஒருவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்

அசையாத உருவத்தைப் பார்த்துச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கலாம்; படம் உறைந்திருக்கலாம்; எந்த விசை எதற்கு என்று தெரியாமல், கேட்கவும் தயங்கி நிற்கலாம். தனிச்செய்தியாக ஒரு வரி அனுப்பிக் கேளுங்கள். எல்லார் முன்னிலையிலும் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம்.

கருவியில் குறையில்லை என்றால் குழுவின் அளவைப் பாருங்கள். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்கிறோம். ஆனால் வடத்தைப் பிடித்த எல்லாக் கைகளும் ஒரே அளவு இழுப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும். பிரெஞ்சுப் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மன் கயிறு இழுக்கும் சோதனைகளில் இதை அளந்து 1913-இல் வெளியிட்டார்: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் வலிமையில் ஏறத்தாழ பாதிதான் வெளிப்பட்டது. அந்த இழப்பில் ஒரு பகுதி, ஒருவரோடொருவர் தாளம் சேராததால் வந்தது. மறு பகுதி, தம் பங்கு கண்ணுக்குத் தெரியாது என்ற நிலையில் முயற்சி தளர்வதால் வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு. தாளம் சேராததற்கு, மேலே சொன்ன மூன்று படிப் பேச்சு உதவும். முயற்சி தளர்வதற்கு, குழுவை எட்டிலிருந்து நான்காகக் குறைப்பதும், ஒவ்வொருவரின் பங்கும் மற்றவர் கண்ணில் படும்படி செய்வதும் உதவும். நான் பெரிய வகுப்பைப் பிரிக்க முடியாதபோது, மீதி நான்கு பேரைக் கவனிப்பாளர்களாக நிறுத்துகிறேன்; ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டாளரை மட்டும் பின்தொடர்ந்து, அவர் யாருக்கு எப்போது கைகொடுத்தார் என்று குறித்துக்கொள்வார். அவ்வாறு கவனித்தவர்கள் இடம் மாறி விளையாடும்போது தெரியும் வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.

கைகொடுப்பது என்றால் என்ன என்று விளக்க, எங்கள் மாணவர்களிடம் நான் தைப்பூசத்தைச் சொல்வதுண்டு. சிராங்கூன் சாலையில் உள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுத்து நடப்பவரைச் சூழ்ந்து, உறவினரும் நண்பர்களும் நடக்கிறார்கள். அவர்கள் பார்வை வழியில் இல்லை, காவடி எடுத்தவரின் முகத்தில் இருக்கிறது. அவர் கேட்பதற்கு முன் தண்ணீர் வருகிறது. தோள் சரிவதற்கு முன் ஒரு கை தாங்குகிறது. குழுப்பணி ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் கண்காணித்தல் என்றும் துணைநிற்றல் என்றும் இரண்டு திறன்களாகப் பிரித்து எழுதுவதை, அந்தச் சில கிலோமீட்டர் நடையில் ஒன்றாகவே பார்த்துவிடலாம். மெய்நிகர் உலகில் அந்த முகம் தெரியாது என்பதுதான் கடினம். ஆகையால் முகத்துக்கு ஈடாக, ஒவ்வொரு அறைக்கும் ஒரு விளக்கை வைத்திருக்கிறேன். தடுமாறுபவர் வாய்திறக்க வேண்டாம், விளக்கைச் சிவப்பாக்கினால் போதும்.

அறிகுறி: நெருக்கடியில் மொழி மாறி, ஒருவர் வெளியே விடப்படுகிறார்

சிங்கப்பூர் வகுப்பறையில் இது கட்டாயம் நிகழும். நீர் ஏறத் தொடங்கியதும் இரண்டு தமிழ் மாணவர்கள் தமிழுக்குத் தாவுகிறார்கள், அல்லது இருவர் மாண்டரினுக்குத் தாவுகிறார்கள். மூன்றாமவர் எதுவும் புரியாமல் நிற்கிறார். எவரும் அவரை ஒதுக்க எண்ணியிருக்க மாட்டார்கள். தாய்மொழியைத் தடை செய்வது தீர்வாகாது. வேகமாகச் சிந்திக்க உதவும் கருவியை ஏன் பறிக்க வேண்டும்? கட்டளைகளும் அளவுகளும் மட்டும் எல்லாருக்கும் பொதுவான மொழியில் இருக்க வேண்டும். இருவர் வேறு மொழியில் பேசிக்கொண்டால், முடிந்தவுடன் ஒரு வரியில் பொதுமொழியில் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு போதும்.

தமிழ் மன்றத்துக்காக முழுக்கத் தமிழில் நடத்தும்போது சிக்கல் வேறு: வீட்டில் தமிழ் பேசும் மாணவருக்கும் பதற்றத்தில் “மதகு” என்ற சொல் நாவில் வராது. தொடங்கும் முன் பத்துச் சொற்களைப் பலகையில் எழுதி, எல்லாரும் உரக்கச் சொல்லிப் பழகட்டும். திற, மூடு, நிறுத்து, ஏறுகிறது, இறங்குகிறது போன்ற சிறு சொற்கள் போதுமானவை. பம்பை “பம்பு” என்றே சொல்லலாம்.

அறிகுறி: தலைசுற்றல், குமட்டல்

தலையில் மாட்டும் கருவியைப் பயன்படுத்தினால் சிலருக்கு இது வரும். கண் நகர்வதாகச் சொல்கிறது, உட்காது நகரவில்லை என்கிறது; அந்த முரண்பாடே காரணம். வந்தவுடன் கருவியைக் கழற்றச் சொல்லுங்கள். பொறுத்துக்கொள்ளச் சொல்வது தவறு. அடுத்த முறை உட்கார்ந்தபடி, வழுக்கி நகராமல் இடம்விட்டு இடம் தாவும் முறையில், குறைந்த நேரம் முயலலாம். எப்போதும் ஓர் அறையைச் சாதாரணக் கணினித் திரையிலிருந்து இயக்கும்படி அமைத்துவிடுங்கள். உடல் ஒத்துழைக்காத மாணவர், குழுவின் முழு உறுப்பினராகவே தொடர்வார். குழுப்பணி கற்பிக்கத் தலைக்கருவி கட்டாயம் என்று நான் கருதவில்லை.

அறிகுறி: பணியை விட்டுவிட்டு இடித்து விளையாடுகிறார்கள்

புதிய உலகைக் கண்டால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். முதல் பத்து நிமிடங்களை அதற்கென்றே ஒதுக்கி, அந்த இடத்தில் இடிக்கவும் அனுமதியுங்கள். பணி உலகில் வெடிபொருள், தீப்பரவல், ஒருவரையொருவர் தாக்குதல் ஆகிய மூன்றையும் அமைப்பில் அணைத்துவிடுங்கள். இதற்குப் பிறகும் தொடர்ந்தால், பணி மிகவும் எளிதாகவோ மிகவும் கடினமாகவோ இருக்கிறது.

அறிகுறி: சென்ற பருவத்தில் கட்டிய உலகம் இப்போது இல்லை

மொசில்லா நிறுவனம் 2018-இல் தொடங்கிய ஹப்ஸ் என்ற மெய்நிகர் அறைச் சேவையை 2024 மே 31-உடன் நிறுத்திக்கொண்டது. சேவைகள் முடிவுக்கு வருவது இத்துறையில் இயல்பு. நீங்கள் கட்டிய உலகம் அடங்கிய கணினிக் கோப்பினை ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் வெளியே நகலெடுத்து வையுங்கள். அதைவிட முக்கியமாக, யாருக்கு என்ன தெரியும், எது எப்போது மாறும், எந்த முடிவு எதை விளைவிக்கும் என்பவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள் இருந்தால், வேறெந்த உலகிலும் அதே பயிற்சியை மீண்டும் கட்டிவிடலாம்.

அறிகுறி: இங்கே நன்றாகச் செய்கிறார்கள், அடுத்த மாதத் திட்டப்பணியில் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள்

இந்தக் கோளாறு சுற்றுக்குள் இல்லை. சுற்று முடிந்த பிறகு நடக்க வேண்டிய பேச்சில் இருக்கிறது. மெய்நிகர் உலகம் அனுபவத்தைத் தருகிறது. அந்த அனுபவத்திலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வது பேசிப் பார்க்கும்போதுதான் நடக்கிறது. நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் முதலில் வெட்டுவது இந்தப் பேச்சைத்தான். வெட்ட வேண்டுமென்றால் சுற்றில் ஐந்து நிமிடத்தை வெட்டுங்கள்.

பேச்சு நடந்தும் பயனில்லை என்றால், அது பாராட்டு விழாவாக மாறிவிட்டதா என்று பாருங்கள். “எல்லாரும் நன்றாக ஒத்துழைத்தோம்” என்று எல்லாக் குழுக்களும் சொல்லும் வகுப்பை நான் நம்புவதில்லை. 1990-களில் ஆய்வாளர் ஏமி எட்மன்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களே அதிகப் பிழைகளை அறிவித்திருப்பதைக் கண்டார். அவர்கள் அதிகம் பிழை செய்தார்கள் என்பதல்ல, பிழையைத் தயக்கமின்றிப் பேசினார்கள் என்பதே அவர் கண்டடைந்த விளக்கம். அவ்வாறு பேச வைக்க வேண்டுமானால், மதிப்பெண்ணை நகரம் நனைந்ததா என்பதோடு கட்டாதீர்கள். நகரம் நனைந்த குழு, எந்த நிமிடத்தில் எந்தச் செய்தி தொலைந்தது என்று சரியாகக் கண்டுபிடித்துச் சொன்னால், நனையாத குழுவுக்கு இணையான மதிப்பெண்ணை நான் தருகிறேன். உரையாடல் பதிவைத் திரையில் ஓடவிட்டு, மாணவர்களே அந்த இடத்தில் நிறுத்தட்டும். பதிவு செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லி இசைவு பெற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று சொல்லி, அப்படியே அழித்துவிட வேண்டும்.

தமிழில் நடக்கும் பேச்சில் நான் காது கொடுத்துக் கேட்பது ஒரு சிறு சொல்லை. கேட்பவரையும் உள்ளடக்கினால் “நாம்”, அவரை விலக்கினால் “நாங்கள்” என்று நம் மொழி பிரித்து வைத்திருக்கிறது. முதல் சுற்றுக்குப் பிறகு, “நாங்கள் அளவைச் சொல்லிவிட்டோம், நீங்கள்தான் மதகை மூடவில்லை” என்று அளவு அறைகள் இரண்டும் விசை அறைகளைப் பார்த்துச் சொல்லும். நான்கு பேருக்குள் இரண்டு ஊர்கள் உருவாகிவிட்டன என்பதை மாணவர்களின் இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது. நான் அதைத் திருத்துவதில்லை. பதிவில் அந்த இடத்தை மீண்டும் ஓடவிட்டு, இங்கே “நாங்கள்” என்றது யாரை என்று மட்டும் கேட்பேன். பிறகு அறைகளை மாற்றிவிடுவேன்: அளவு பார்த்தவர் விசைக்கு, விசையில் இருந்தவர் அளவுக்கு. மூன்றாம் சுற்றில் அறைகளின் கதவுகளையும் திறந்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் எங்கும் போகலாம். அப்போதும் தம் அறையிலிருந்தே பேசி முடிவெடுக்கிறார்களா, பழையபடி ஒருவரே ஓடி ஓடி எல்லா விசைகளையும் தட்டுகிறாரா என்பதைப் பாருங்கள்.

இவற்றோடு ஒரு தாளையும் கொடுத்தனுப்புங்கள். இந்தப் பருவத்தில் அந்த மாணவர் உண்மையிலேயே ஈடுபட்டுள்ள ஒரு திட்டப்பணியின் பெயரை எழுதி, அந்தக் குழுவில் தமக்கு மட்டும் தெரிந்த ஒன்றையும், அதை யாரிடம் எந்த நாளுக்குள் சொல்லப்போகிறார் என்பதையும் அவர் நிரப்ப வேண்டும். மூன்று வாரம் கழித்து அதே தாளைத் திரும்ப வாங்குகிறேன். சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்தது என்று அவர் எழுதியிருப்பார். சொல்லாமல் விட்டிருந்தால், அடுத்த வகுப்பை நான் அந்தத் தாளிலிருந்து தொடங்குகிறேன்.